ஸ்டட் முறிந்ததற்கு ஹெட்டையே மாற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிற தம்பி ஒருவர் எழுதியிருந்தார். மோட்டார் சைக்கிளின் எக்சோஸ் காஸ்கெட் (புகைக் குழாய் எஞ்சினோடு சேருகிற இடத்தை அடைக்கும் வளையம்) மாற்றப் போன இடத்தில் ஸ்டட், அதாவது அந்தக் குழாயை எஞ்சினோடு பிடிக்கிற தலையில்லாத மரை ஆணி, முறிந்துவிட்டதாம், பட்டறையில் எஞ்சினின் மூடியான சிலிண்டர் ஹெட்டையே மாற்றணும் என்கிறார்களாம், இது ஏமாற்று வேலையா என்று கேட்டிருந்தார். கடிதத்துக்குக் கீழே பதில் எதுவும் இல்லை. நான் பட்டர்வொர்த்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் பட்டறைக்காரர்கள் குடைந்து பார்த்துக் கைவிட்டதெல்லாம் கடைசியில் எங்களைப் போன்றவர்களிடம்தான் வரும். அதனால் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் போதாமல் வெட்டுவதாக இருந்தால் என் புலம்பலை வெட்டிக்கொள்ளுங்கள், அளவுகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதலில் தம்பி கேட்டதற்குப் பதில். ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் பெரும்பாலும் தேவையில்லாத செலவு. பட்டறைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. முறிந்த துண்டை ஒழுங்காக எடுக்க அரை நாள் போய்விடும், அந்த அரை நாளுக்குக் கூலி கேட்டால் "ஒரு ஸ்குரூவுக்கா இவ்வளவு வெள்ளி?" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார், அதே ஆள் புது ஹெட் என்றால் சாமான் பில்லைப் பார்த்துவிட்டுப் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். கைவேலைக்குக் காசு கொடுக்க நமக்கு மனசு வருவதில்லை. சரி, அது இருக்கட்டும்.

ஸ்டட் ஏன் முறிகிறது என்பதைச் சொல்லாமல் எப்படி எடுப்பது என்று சொல்லிப் பயனில்லை. ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. நம்ம ஊரில் ஓடுகிற கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் எக்சோஸைப் பிடித்திருப்பது இரண்டே இரண்டு 6 மில்லி ஸ்டட்தான், பெரிய வண்டிகளில் 8 மில்லி. சூடானால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஆறினால் அதே அளவு சுருங்கும், தினமும் பல தடவை இது நடக்கிறது. இதோடு தண்ணீரும் உப்பும் சேர்ந்தால் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் சின்ன பேட்டரி மாதிரி மின்சாரம் ஓடி அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகப் பொங்கும், அந்த மாவு மரை இடுக்கில் கெட்டித்துப்போய் ஸ்டட்டை இறுக்கிக் கவ்விக்கொள்ளும். வெளியே தெரிகிற பக்கம் இரும்பு துருப்பிடித்து இளைத்துக்கொண்டே வரும். உள்ளே பிடி கூடுகிறது, வெளியே உடம்பு குறைகிறது, அப்புறம் ஸ்பானரைப் போட்டால் எது விட்டுக்கொடுக்கும்?

பினாங்கில் இது கொஞ்சம் அதிகம் என்பது என் அனுபவம். கடலை ஒட்டிய ஊர், பாலத்தின் மேல் கடல் காற்றில் போகிறோம், பெர்ரியில் வண்டியை ஏற்றுகிறோம், 2019 ஜனவரியிலிருந்து மோட்டார் சைக்கிளுக்குப் பாலத்தில் டோல் கிடையாது என்பதால் ஒரே நாளில் இரண்டு தடவை அக்கரை போய்வருகிற பையன்கள் இருக்கிறார்கள். மழை வேறு. ஹோண்டா ஈஎக்ஸ்5 மாதிரி சிலிண்டர் படுத்திருக்கும் எஞ்சினில் எக்சோஸ் துவாரம் ஹெட்டுக்கு அடியில் இருக்கும், ஸ்டட் இரண்டும் தரையைப் பார்த்துத் தொங்கும். யமஹா வொய்15 மாதிரி நிமிர்ந்த எஞ்சினில் அது நேராக முன் சக்கரத்தைப் பார்த்து நிற்கும். எதுவானாலும் சக்கரம் வாரியடிக்கிற தண்ணீரும் மண்ணும் கொதிக்கிற அந்த இடத்தில்தான் விழும். குட்டையில் ஓடிவந்து நிறுத்திய வண்டியில் அந்த நட்டு புஸ்ஸென்று ஆவி விடுவதை எல்லோருமே பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ரேசிங் எக்சோஸ். மோட்டார் வாகன இரைச்சலுக்கு 1987-லிருந்தே சட்டவிதி இருக்கிறது, போலீஸ் சாலைத் தடுப்பு போட்டால் சம்மன் என்பதும் தெரியும். அதனால் வார நாளில் ஒரிஜினல், சனி ஞாயிறில் மற்றது என்று மாற்றி மாற்றிப் பூட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த 6 மில்லி மரை கொஞ்சம் தேயும், பலம் காட்டி இறுக்கினால் கொஞ்சம் நீளும். பின்னால் சைலன்சரைத் தாங்குகிற பிராக்கெட் போல்ட் இல்லாமல் ஓடுகிற வண்டிகளும் வருகின்றன. அப்போது மொத்த எக்சோஸின் பாரமும் ஆட்டமும் அந்த இரண்டு ஸ்டட் மேல்தான். முறியாமல் என்ன செய்யும்?

முறிவதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் பாதி வேலை. முதல் நாள் இரவே நட்டைச் சுற்றிக் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துவிட்டு, மரைக்குள் ஊறிப்போகும் எண்ணெயை விட்டுவைக்க வேண்டும். எண்ணெய் அடித்துவிட்டு உடனே ஸ்பானரைப் போடுகிறவர்கள் எண்ணெய்க் காசை மிச்சம் பிடிக்கலாம், இரண்டும் ஒன்றுதான். மறுநாள் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஆறு முக சாக்கெட்டைப் போட்டு, முதலில் கழற்றும் பக்கம் அல்ல, இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு திருப்பிப் பாருங்கள். துரு கலைந்தால் கிரீச் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் நல்ல சத்தம். பிறகு கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. சத்தமே இல்லாமல் ஸ்பானர் மெத்தென்று போகிறது, கையை எடுத்தால் கொஞ்சம் திரும்பி வருகிறது என்றால் நட்டு கழலவில்லை, ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கால் சுற்று போனால் கையில் வருவது நட்டும் பாதி ஸ்டட்டும்தான்.

அந்த இடத்தில் தீ டார்ச்சால் சூடு காட்ட வேண்டும். நட்டை மட்டும் சூடாக்குவதைவிடச் சுற்றியிருக்கிற அலுமினியத்தைச் சூடாக்குவதுதான் வேலை செய்யும், அலுமினியம் அதிகம் விரிந்து பிடியைத் தளர்த்தும். ஒரு எச்சரிக்கை: இரும்பு மாதிரி அலுமினியம் சிவந்து காட்டாது. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஹெட் வார்க்கிற கலவை அதற்கும் கீழேயே உருகிவிடும், நிறம் மாறுமென்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் மாறாமலே ஒரு மூலை தொப்பென்று கீழே விழும். தண்ணீர்த் துளி விட்டால் ஒட்டாமல் துள்ளி ஓடுகிற சூடு போதும். பெட்ரோல் குழாயை மூடி, அடித்த எண்ணெயைத் துடைத்துவிட்டு டார்ச்சைக் கொளுத்துங்கள். இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று நினைக்கலாம், எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

சரி, முறிந்துவிட்டது. இப்போது முதல் வேலை கையை எடுத்துவிட்டுப் பார்ப்பது. எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது? 5, 6 மில்லி நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம், அதை அசிங்கமாக இருக்கிறதென்று அறுத்து மட்டமாக்கிவிடாதீர்கள், அப்படிச் செய்துகொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய், சூடு, வைஸ் கிரிப் (கவ்விப் பூட்டிக்கொள்கிற குறடு), முன்னும் பின்னும் ஆட்டுவது, அவ்வளவுதான். அதிலும் வரவில்லை என்றால் நட்டை வைத்து வெல்டிங் அடிப்பது. என் கணக்கில் முறிந்த ஸ்டட்டுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. எழுதுகிறவர்கள் பலர் இதைக் கடைசியில் சொல்கிறார்கள், எனக்கு இதுதான் முதல்.

எப்படி என்றால், பேட்டரி வயரைக் கழற்றுங்கள், கார்புரேட்டர் இல்லாத ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் ஈசியு என்கிற எஞ்சின் கம்ப்யூட்டரின் சாக்கெட்டையும் பிடுங்கிவிடுங்கள். முறிந்த முனையைப் பளபளப்பாகத் தேய்த்து, அதைவிடச் சற்றே பெரிய துவாரமுள்ள, முலாம் பூசாத ஒரு நட்டை அதன் மேல் உட்கார வைத்து, மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்து உருகுகிற வகை) நட்டுக்கு உள்ளேயிருந்து, அதாவது ஸ்டட்டின் நடுவில் ஆரம்பித்து நிரப்பிக்கொண்டே வெளியே வர வேண்டும். உருகிய இரும்பு அலுமினியத்தில் ஒட்டாது, அதனால் ஹெட்டுக்குப் பயமில்லை, நிதானம் இருந்தால் போதும். இதில் நட்டு ஒட்டுவது ஒரு நன்மை என்றால் ஸ்டட் உள்ளிருந்து சிவந்து பழுப்பது பெரிய நன்மை, அந்தச் சூட்டில் துருப்பிடி உடைந்துவிடும். சிவப்பு அடங்கும் வரை காத்திருந்து, கை வைக்க முடியாத சூடு இருக்கும்போதே மெழுகுவர்த்தியை அடிவாரத்தில் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு ஸ்பானர், மெதுவாக, இரண்டு பக்கமும். நட்டு பிய்ந்து வந்தால் மனசு விடாதீர்கள், இன்னொன்று வைத்து அடியுங்கள், ஒவ்வொரு சூட்டுக்கும் பிடி இளகும். ஹெட்டின் மட்டத்தோடு முறிந்ததைக்கூட இப்படி எடுக்கலாம், வெல்டிங் கைக்குப் பழக்கம் வேண்டும், அவ்வளவே.

மட்டத்துக்கும் உள்ளே முறிந்துவிட்டது, வெல்டிங்குக்கு வழியில்லை என்றால் துளைதான். துளை போடுவதில் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது, அது நடு மையம். முறிந்த முகம் ஒருபோதும் சமமாக இருக்காது, பள்ளமும் மேடுமாக இருக்கும், அதில் டிரில் பிட் வைத்தால் வழுக்கும், வழுக்கினால் கடினமான இரும்பை விட்டு மிருதுவான அலுமினியத்துப் பக்கம் ஓடிவிடும். எங்களிடம் வருகிற ஹெட்டில் முக்கால்வாசியில் இதே கதைதான்: ஸ்டட் ஒரு பக்கம் அப்படியே இருக்கும், அதன் அருகில் புதிதாக ஒரு துவாரம் இருக்கும்.

மையம் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன், கையில் கடைசல் எந்திரம் இருக்கிற யாரும் செய்து தரலாம். எக்சோஸ் காலர் இருக்கிறதே, ஹெட்டோடு சேர்த்துப் பிடிக்கிற அந்தத் தகடு, அதில் இரண்டு துவாரம் உண்டு. ஒன்றை முறியாத ஸ்டட்டில் பூட்டுங்கள். மற்றது தானாகவே முறிந்த ஸ்டட்டுக்கு நேராக வரும். அந்தத் துவாரத்துக்குள் சரியாக உட்காருகிற மாதிரி ஒரு குட்டி புஷ் (உருளை வளையம்) கடைந்து, அதன் நடுவில் 3 மில்லி துவாரம் விட்டால், டிரில் பிட் எங்கும் ஓட முடியாது. காலர் துவாரம் ஸ்டட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்பதால் முறியாத பக்கத்து ஸ்டட் அதன் துவாரத்துக்குள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். 3 மில்லி போட்டு, அதிலிருந்து 4, அதிலிருந்து 5. மெதுவான வேகம், எண்ணெய், பிட்டில் ஆழத்துக்கு அடையாளமாக ஒரு ஒட்டு நாடா. எவ்வளவு ஆழம் என்பதை முறியாத ஸ்டட் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

இடப்புரி டிரில் பிட் என்று ஒன்று விற்கிறது, கழற்றும் திசையிலேயே சுற்றி வெட்டும். கிடைத்தால் வாங்கிவிடுங்கள். பாதி துளை போகும்போதே துண்டு பிட்டைக் கவ்விக்கொண்டு வெளியே வந்துவிடுவதுண்டு. வரவில்லை என்றால், 6 மில்லி ஸ்டட்டின் மரை 1 மில்லி பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி), அதற்கு டேப், அதாவது மரை வெட்டுகிற கருவி, இறங்கப் போடும் துவாரம் 5 மில்லி, ஆகவே நேர் நடுவில் 5 மில்லி போட்டுவிட்டால் ஸ்டட்டில் மீதி இருப்பது சுருள் கம்பி மாதிரி மரை மட்டும்தான், அதைக் கூர்முனையால் நெம்பி இழுத்துவிட்டு டேப் விட்டுச் சுத்தம் செய்தால் ஹெட்டின் சொந்த மரையே திரும்பக் கிடைத்துவிடும். 8 மில்லிக்கு அதே வேலைக்கு 6.8.

இனி என் புலம்பல். ஈசி அவுட். துளை போட்ட ஸ்டட்டுக்குள் இடப்புரியாகத் திருகுகிற, கூம்பி வருகிற அந்த ஆணி. பெயரில்தான் ஈசி. ஆறு மில்லி ஸ்டட்டையே முறித்த பிடியை, அதற்குள் துளை போட்டு நுழைக்கிற அதைவிட ஒல்லியான ஒரு ஆணி எப்படி உடைக்கும்? போதாததற்கு அது கூம்பாக இருப்பதால் உள்ளே போகப் போக ஸ்டட்டை விரித்து மரையில் இன்னும் இறுக்குகிறது. முறிந்தால் உள்ளே மாட்டிக்கொள்வது பதமேற்றிய எஃகு. சாதாரண டிரில் பிட் அதன் மேல் சறுக்கித் தேயும், வெட்டாது. அதற்குப் பிறகு கார்பைடு பிட், இல்லையென்றால் மின்சாரத் தீப்பொறியால் அரித்து எடுக்கிற எந்திரம் உள்ள பட்டறை. அங்கே கேட்கிற கூலியைக் கேட்டால் புது ஹெட்டே மலிவு என்று தோன்றும். தம்பியிடம் ஹெட்டை மாற்றச் சொன்ன பட்டறையில் இதுதான் நடந்திருக்கும் என்று என் ஊகம், ஊகம்தான். தம்பி, போய் ஹெட்டைக் குனிந்து பாருங்கள். முறிந்த ஸ்டட்டின் நடுவில் பளபளவென்று இன்னொரு துண்டு தெரிந்தால் கதை அதுதான்.

மரை போய்விட்டாலும் ஹெட் போய்விடாது. சிலர் 6 மில்லி கெட்டுவிட்டது, 8 மில்லி டேப் அடித்துவிட்டேன் என்று காலர் துவாரத்தையும் குடைந்து பெரிதாக்கிக் கொடுக்கிறார்கள். ஓடும், ஆனால் அந்த இடத்தில் சுற்றியிருக்கிற அலுமினியம் மெலிந்துவிடும், அடுத்த தடவை எதுவும் செய்ய இடமிருக்காது. அதைவிட ஹெலிகாயில் என்கிற ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள் நல்லது. 6 மில்லிக்கு 6.3 துவாரம் போட்டு, அதோடு வருகிற தனி டேப்பை ஓட்டி, சுருளைத் திருகி உள்ளே இறக்கி, அடியில் இருக்கிற வாலை உடைத்து எடுத்துவிட்டால் மறுபடி அதே 6 மில்லி ஸ்டட். ஸ்டட் மரை அலுமினியத்தில் நேராகப் படாது என்பதால் பழைய மரையைவிட உறுதி. இத்தனைக்கும் முன்னால் எக்சோஸ் துவாரத்தில் கிரீஸ் தடவிய துணியை அடைத்துவைக்க மறக்கக்கூடாது, இரும்புத் தூள் உள்ளே போய் வால்வு உட்காருகிற இடத்தில் மாட்டினால் அது வேறு செலவு.

திரும்பப் பூட்டும்போதுதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். புது ஸ்டட், புது காஸ்கெட். பழைய காஸ்கெட் ஒரு தடவை நசுங்கியது நசுங்கியதுதான், மறுபடி அடைக்காது. நட்டு பித்தளையில் கிடைக்கும், இரும்பு ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டாது, சில வெள்ளிதான். மரையில் செம்புக் கிரீஸ் மெல்லத் தடவுங்கள், சாதாரண கிரீஸ் அந்தச் சூட்டில் கருகிவிடும். முதலில் எக்சோஸை இரண்டு நட்டிலும் பின் பிராக்கெட்டிலும் விரலால் போகிற வரை மட்டும் திருகி, அது இழுபறி இல்லாமல் உட்கார்ந்த பிறகு, முன் நட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பிராக்கெட்டைக் கடைசியில் இறுக்குங்கள். 6 மில்லிக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு, அவ்வளவுதான் அதன் பலம். டார்க் ஸ்பானர் (இறுக்குகிற அளவைக் காட்டுவது) இல்லாதவர்கள் குட்டை ஸ்பானரைப் போட்டு மணிக்கட்டால் மட்டும் இறுக்கட்டும், குழாய் சொருகி இழுக்க இது லாரி சக்கரம் அல்ல.

ஒரு ஸ்டட் போனாலும் இன்னொன்று இருக்கிறதே, கம்பி கட்டி ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், காஸ்கெட் வழியாகச் சூடான புகை பீறிட்டு ஹெட்டின் ஓரம் கருப்பாகும். ஓடும்போது ஆக்சிலேட்டரை விட்டால் அதே இடைவெளியில் காற்று உள்ளே போய்ப் பட் பட்டென்று வெடிக்கும். ஓ2 சென்சார் (புகையில் ஆக்சிஜனை அளப்பது) உள்ள வண்டியில் இந்தக் காற்றையும் சேர்த்து அளந்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும், தினமும் நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு அது காசு. மீதி இருக்கிற ஒற்றை ஸ்டட்டும் வளைந்து ஒருநாள் போய்விடும், அது பட்டறை வாசலில் போகாது, பாலத்தின் நடுவில்தான் போகும்.

பட்டறை வைத்திருக்கிற தம்பிமார்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முறிந்தவுடன் கொண்டுவாருங்கள், நாலு வழியையும் முயன்று பார்த்த பிறகு அல்ல. தொடாத துண்டு என்றால் எங்களுக்குப் பெரும்பாலும் சின்ன வேலை, கூலியும் சின்னது, நீங்களும் அதன் மேல் உங்கள் கூலியை வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரிடம் முறிந்ததைக் காட்டிச் சொல்லிவிடுங்கள், பழைய ஸ்டட் முறிவது உங்கள் குற்றம் இல்லை, மறைத்தால்தான் சந்தேகம்.

தம்பிக்குக் கடைசியாக: எடுக்க முடியவில்லை என்று சொன்னால் என்ன முறையில் எடுத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள், வெல்டிங் அடித்தார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாமென்று சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டோ ஹெட்டை மட்டும் கழற்றிக்கொண்டோ பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு கடைசல் பட்டறைக்குப் போங்கள், பிறை, பட்டர்வொர்த் பக்கம் தேடினால் கிடைக்கும். புது ஹெட் போட்டே ஆக வேண்டும் என்று முடிவானாலும் பழையதை அங்கேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுத்தது நீங்கள்.

இப்படிக்கு,
கடைசல் பட்டறைக்காரர்,
பட்டர்வொர்த், பினாங்கு